ஆட்டக்களத்தில் ஓர் ஆராய்ச்சி



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இசைத்தொகுப்பு. இது கர்நாடக இசையன்று, திரைப்படப் பாடலுமன்று. மின்கருவிகளைக் கொண்டு உண்டாக்கப்படும் நடன இசை. இரவு வேளையில், பெரிய நகரங்களில் உள்ள நடனக்கூடங்களில், இளைஞர்கள் கூடி ஆடுவதற்கென்றே செய்யப்படும் இசை. "கல்வி நிகழ்ச்சியில் இதற்கு என்ன வேலை?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால் இந்தத் தொகுப்பின் பெயர் பிறந்த இடம் நடனக்கூடம் அல்ல. பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்று. இதனுள்ளே கடலில் வாழும் உயிர்களின் குரல் கேட்கிறது. கடல் உயிர்களைப் பற்றி உயிரியலாளர் ஒருவர் பேசும் பேச்சும் கேட்கிறது. இதைச் செய்தவர் ஒரு பெண். அவர் கற்றது நஞ்சைப் பற்றிய படிப்பு.

அவருடைய மேடைப் பெயர் ஜெய்டா ஜி. முழுப்பெயர் ஜெய்டா கை. கனடா நாட்டின் மேற்கு ஓரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் உட்பகுதியில், மலைகளுக்கிடையே, கிராண்ட் போர்க்ஸ் என்னும் சிற்றூர். சுமார் 4,000 பேரே வாழும் ஊர். அங்கே வளர்ந்தவர் இவர். இவருடைய முதல் இசைத்தொகுப்பு 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனிலுள்ள நிஞ்சா டியூன் என்னும் இசை நிறுவனத்தின் வழி வெளிவந்தது. அதன் பெயர் 'சிக்னிபிகண்ட் சேஞ்சஸ்'. 'குறிப்பிடத்தக்க மாற்றங்கள்' என்று பொருள். ஆட்டம் போடும் பாட்டுக்கு இப்படியொரு பெயரா என்று தோன்றுகிறதல்லவா? பெயரின் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் இந்த இசை எவ்வாறு உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

ஜெய்டா ஜி இரண்டு தொழில்களைச் செய்பவர். ஒன்று, டி.ஜே. என்னும் தொழில். டி.ஜே. என்றதும் வானொலியில் பாட்டுப் போடும் அறிவிப்பாளர் நம் நினைவுக்கு வருவார். சொல் அங்கிருந்து வந்ததுதான். நடனக்கூடத்து டி.ஜே.யும் பிறர் பாடிய இசைத்தட்டுகளைப் போடுபவரே. ஆனால் வானொலியில் ஒரு பாட்டு முடிந்த பின் அறிவிப்பு வரும். அதன் பிறகே அடுத்த பாட்டு. நடனக்கூடத்தில் அந்த இடைவெளி கூடாது. தாளம் நின்றால் ஆடுபவர்களின் கால்களும் நின்றுவிடும். எனவே டி.ஜே. தம் முன்னால் இரண்டு சுழல்தட்டுக் கருவிகளை வைத்துக்கொள்கிறார். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மற்றதில் அடுத்த பாட்டை வைத்து, காதுக்கருவி மூலம் தமக்கு மட்டும் கேட்கும்படி செய்துகொள்கிறார். ஓடும் பாட்டு நிமிடத்துக்கு 118 அடி என்று வைத்துக்கொள்வோம். வரப்போகும் பாட்டு 122 அடி. அப்படியே விட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். சுழலும் வேகத்தைச் சிறிது குறைத்து, இரண்டு பாட்டின் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி சேர்க்கிறார். கோலாட்டத்தில் இரண்டு வரிசைப் பிள்ளைகள் எதிரெதிரே வந்து, கோலோடு கோல் பிசகாமல் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பொருத்தந்தான். பிறகு ஒன்றின் ஒலியை மெல்லக் குறைத்து, மற்றதை மெல்ல உயர்த்துகிறார். பாட்டு மாறியது எந்த நொடியில் என்று ஆடுபவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது தொழில் தயாரிப்பு. இங்கே ஒரு விளக்கம் தேவை. நம்மிடையே தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுபவர். இந்த இசையுலகிலோ தயாரிப்பாளர் என்பவர் இசையையே உண்டாக்குபவர். மெட்டமைப்பவரும் அவரே, தாளம் போடுபவரும் அவரே, ஒலிப்பதிவைச் செப்பனிடுபவரும் பெரும்பாலும் அவரே. நம் திரையிசையில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் வேலையை ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்து செய்துவிட முடிகிறது.

அது எப்படி முடிகிறது? மூன்று கருவிகளை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, தாளக்கருவி. இதில் தோலும் இல்லை, குச்சியும் இல்லை. பெரிய மேளம், சின்ன மேளம், தாளம், கைதட்டல் ஆகிய ஒலிகளை மின்சாரத்தால் எழுப்பும் பெட்டி இது. எந்த அடி எப்போது விழவேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துவிட்டால், அது சோர்வில்லாமல் அடித்துக்கொண்டேயிருக்கும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர். 808, 1983இல் வெளியிட்ட டி.ஆர். 909 ஆகிய இரண்டும் இவற்றுள் புகழ்பெற்றவை. இரண்டாவது, சிந்தசைசர் எனப்படும் மின்னிசைக் கருவி. நம் கோயில் கச்சேரிகளில் விரல்கட்டைகளோடு இருக்கும் கீபோர்டு இதன் உறவினர். மூன்றாவது, சாம்பிளர். உலகில் உள்ள எந்த ஒலியையும் பதிவு செய்து, வேண்டிய துண்டை மட்டும் வெட்டியெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டும் கருவி அது. ஒருவர் தும்மினாலும் அதை இசையில் சேர்த்துவிடலாம். இன்று இம்மூன்று கருவிகளின் வேலையையும் ஒரு கணினியே செய்துவிடுகிறது. சாம்பிளரை மட்டும் மறந்துவிடாதீர்கள். நம் கதைக்கு அது பின்னால் தேவைப்படும்.

இந்த இசை எங்கே பிறந்தது? அமெரிக்காவின் சிக்காகோ நகரில். அங்கே 'வேர்ஹவுஸ்' என்று ஒரு நடனக்கூடம் இருந்தது. பண்டகசாலை என்று பொருள். 1977இல் நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பின டி.ஜே. அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றினார். வேறு இடங்களில் வரவேற்புக் கிடைக்காத கறுப்பின இளைஞர்கள் பலர் அங்கே கூடினர். நாம் சொன்ன அந்த ரோலண்ட் பெட்டிகள் கடைகளில் நன்கு விலைபோகாமல், பழைய சாமானாய்க் குறைந்த விலைக்கு வந்தன. கையில் அதிகப் பணமில்லாத பிள்ளைகள் அவற்றை வாங்கி, வீட்டிலேயே இசை செய்யத் தொடங்கினர். 1980களின் நடுப்பகுதியில் அந்த இசைக்கு, கூடத்தின் பெயரிலிருந்து 'ஹவுஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஹவுஸ் இசையின் இலக்கணம் எளிமையானது. நான்கு எண்ணிக் கைதட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வோர் எண்ணுக்கும் பெரிய மேளம் ஒரு முறை 'தொம்' என்று விழும். ஒரு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120. வேகமாக நடக்கும்போது கால் எடுத்து வைக்கும் வேகம் அது. நம் திருவிழாவில் உருமி மேளம் கேட்டவுடன் பாட்டு இன்னதென்று தெரியுமுன்பே கால் ஆடத் தொடங்குகிறதே, அந்த உண்மையை அறிந்து செய்யப்பட்ட இசை இது. ஜெய்டா ஜி விரும்புவது இந்த ஹவுஸ் இசையையும், அதற்குத் தாய் போன்ற 1970களின் டிஸ்கோ இசையையுந்தான்.

இனி அவருடைய படிப்புக்கு வருவோம்.

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது இயற்கை வள நிருவாகம். அதிலும் சிறப்பாகச் சுற்றுச்சூழல் நச்சியல். எந்த நஞ்சு, எந்த வழியாக, எந்த உயிரை, எவ்வாறு தாக்குகிறது என்று ஆராயும் துறை அது. அவர் ஆராய்ந்தது கடலில் கலந்த நச்சுப் பொருள்கள் ஓர்க்கா என்னும் கடலுயிரை என்ன செய்கின்றன என்பதை.

ஓர்க்காவைக் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்றும் அழைப்பார்கள். உண்மையில் அது ஓங்கில் எனப்படும் டால்பின் குடும்பத்தில் மிகப் பெரியது. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்த ஆண் ஏழு எட்டு மீட்டர் நீளமிருக்கும். கனடாவின் வான்கூவர் நகருக்கும் அமெரிக்காவின் சியாட்டல் நகருக்கும் அருகே சேலிஷ் கடல் இருக்கிறது. அங்கே வந்துபோகும் ஓர்க்காக் கூட்டத்தைத் தென்பகுதி ஓர்க்காக்கள் என்று கூறுவர். பெயர்தான் கொலைகாரத் திமிங்கிலமே தவிர, இவை மனிதனை உண்பதில்லை. இவற்றின் உணவு மீன். அதிலும் பெரும்பாலும் சினூக் என்னும் ஒருவகைச் சால்மன் மீன்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்கவேண்டும். இந்தக் கூட்டத்தில் குடும்பத்தின் வேர் தாய்தான். மகனும் சரி, மகளும் சரி, ஆயுள் முழுவதும் தாயை விட்டுப் பிரிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் குரல் வழக்கு உண்டு. தாயிடமிருந்து பிள்ளை அதைக் கற்றுக்கொள்கிறது. பிள்ளை பெறும் வயது கடந்த பாட்டிகள் இவற்றில் நெடுநாள் வாழ்கின்றன. 2015இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, மீன் குறைந்த ஆண்டுகளில் இந்தப் பாட்டிகளே கூட்டத்துக்கு முன்னே நீந்தி வழிகாட்டுகின்றன என்று கண்டது. எங்கே மீன் கிடைக்கும் என்ற அனுபவம் அவற்றுக்குத்தான் இருக்கிறது.

இத்தகைய குடும்பங்களுக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. 1960களிலும் 1970களிலும் நீர்க்காட்சிச் சாலைகளுக்காக இந்தக் கூட்டத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவை பிடிக்கப்பட்டன அல்லது பிடிக்கும்போது மாண்டன. பிடித்தவற்றில் பெரும்பாலானவை குட்டிகள். அது நின்ற பின்னும் கூட்டம் தேறவில்லை. இன்று எண்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. காரணங்கள் மூன்று. உண்பதற்குச் சினூக் மீன் குறைந்துவிட்டது. ஓர்க்கா ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டே இரையைத் தேடுகிறது. கப்பல்களின் இரைச்சல் அந்த ஒலியை மூடிவிடுகிறது. மூன்றாவது காரணம் நஞ்சு. இதுதான் ஜெய்டா கற்ற பாடம். இதை நாமும் சற்று நின்று கற்கவேண்டும்.

பி.சி.பி. என்று ஒரு வகை எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. எளிதில் தீப்பற்றாது, சூட்டைத் தாங்கும். ஆகையால் மின்மாற்றிப் பெட்டிகளில் அதை ஊற்றிப் பயன்படுத்தினார்கள். அமெரிக்கா 1979இல் அதன் உற்பத்தியைத் தடைசெய்தது. தடை வந்தாலும் நஞ்சு போய்விடவில்லை. எளிதில் அழியாத பொருள் அது. நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். இந்த ஒரு குணந்தான் எல்லாத் தீங்குக்கும் வாசல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஒன்றில் நஞ்சு ஒரு துளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்ன மீன் அப்படிப்பட்ட நூறு சிற்றுயிர்களைத் தின்கிறது. நஞ்சு வெளியேறாமல் கொழுப்பில் தங்குவதால் மீனுக்குள் நூறு துளி. அந்தச் சின்ன மீன்களில் நூற்றைப் பெரிய மீன் தின்கிறது. இப்போது பத்தாயிரம் துளி. அந்தப் பெரிய மீனை ஓர்க்கா நாள்தோறும், ஆண்டுதோறும் தின்கிறது. இது விளக்கத்துக்காகச் சொன்ன கணக்குத்தான்; ஆனால் நடக்கும் முறை இதுவே. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவனே அதிகம் சுமக்கிறான். கனடாவின் மேற்குக் கடலில் உள்ள ஓர்க்காக்கள் உலகிலேயே மிகுந்த நஞ்சைச் சுமக்கும் கடல் பாலூட்டிகளுள் சேர்ந்தவை என்று 2000ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டறிந்தனர்.

இன்னும் கொடுமை ஒன்று உண்டு. பால் கொழுப்பு நிறைந்தது. தாய் ஓர்க்கா குட்டிக்குப் பால் கொடுக்கும்போது, தன் உடலில் பல ஆண்டுகளாய்ச் சேர்ந்த நஞ்சையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. தலைச்சன் குட்டிக்கே பெரும்பங்கு போய்ச் சேர்கிறது. மீன் கிடைக்காமல் பட்டினி கிடந்தாலோ, உடல் தன் கொழுப்பைக் கரைக்கிறது. கொழுப்பில் அடங்கியிருந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து நோயெதிர்ப்பு ஆற்றலைக் குலைக்கிறது. பசியும் நஞ்சும் இப்படிக் கைகோத்துக்கொள்கின்றன.

மலேரியாக் கொசுவை ஒழிப்பதற்காக வீட்டுச் சுவர்களில் அடித்த டி.டி.டி. என்னும் மருந்தை நம் முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதுவும் கொழுப்பில் தங்கி, இதே வழியில் உயிருக்கு உயிர் ஏறும் பொருள்தான். அந்த ஓர்க்காக்களின் உடலிலும் அது காணப்படுகிறது. முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து வேலை செய்த குடும்பங்களுக்கு, 'மருந்து' என்று நாம் அழைப்பது என்ன பொருள் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. காட்டில் அடித்தது காட்டோடு நிற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

ஜெய்டா இந்த ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே இசைத்தட்டுகளை வெளியிட்டும், நாடு நாடாகச் சென்று நடனக்கூடங்களில் இசை நிகழ்த்தியும் வந்தார். ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு: 'குறிப்பிடத்தக்க மாற்றங்கள்'. அளவு மாறியது, எண்ணிக்கை மாறியது, அந்த மாற்றம் தற்செயலானதன்று என்று கூறுவதற்கு அறிவியலார் கையாளும் சொல். தம் ஆய்வேட்டில் தாம் மிகுதியாகக் கையாண்ட தொடர் அதுவே என்று கண்டு, அதையே தம் முதல் இசைத்தொகுப்புக்குப் பெயராக வைத்தார். பெயரின் கதை இதுதான்.

இப்போது தொகுப்புக்குள் சென்று பார்ப்போம்.

அதில் ஓர் உருப்படியின் பெயர் 'ஓர்க்காஸ் ரிப்ரைஸ்'. அதில் ஓர்க்காக்களின் குரலே ஒலிக்கிறது. மற்றொன்றின் பெயர் 'மிஸ்ஸி நோஸ் வாட்ஸ் அப்'. 'மிஸ்ஸிக்கு நடப்பது தெரியும்' என்று கூறலாம். மிஸ்டி மெக்டபி என்பவர் கனடாவின் ரெயின்கோஸ்ட் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த உயிரியலாளர். ஓர்க்காக்களைக் காப்பதற்காக அரசாங்கத்தை எதிர்த்து நடத்திய வழக்கைப் பற்றி அவர் பேசிய பேச்சு, தாளத்துக்கு மேலே கேட்கிறது. சாம்பிளரை நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? அந்த வெட்டியொட்டும் கலைதான் இங்கே பயன்பட்டிருக்கிறது. 'தொம், தொம்' என்று மேளம் அடித்துக்கொண்டேயிருக்கிறது; ஆடுபவர் ஆடிக்கொண்டேயிருக்கிறார்; நடுவே ஓர் அறிஞரின் குரல் காதில் விழுகிறது. வழக்குமன்றத்துக்குப் போன செய்தி ஆட்டக்களத்துக்கும் வந்துவிட்டது.

தொகுப்பு முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணவேண்டா. பெரும்பகுதி மகிழ்ச்சிக்கான இசையே. அலெக்சா டேஷ் என்னும் பாடகி இரண்டு பாடல்கள் பாடியிருக்கிறார். 'ஸ்டான்லிஸ் கெட் டவுன்' என்றொரு வேடிக்கையான உருப்படி உண்டு. அதன் துணைத்தலைப்புக்கு 'ஆட்டக்களத்தில் வண்டி நிறுத்தாதே' என்று பொருள். ஆட வந்த இடத்தில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு மரம் போல் நிற்பவர்களை ஜெய்டாவே தம் குரலில் செல்லமாகக் கடிந்துகொள்கிறார். நம் வீட்டுக் கூடத்துக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும். கடைசி உருப்படிக்கு 'கன்க்ளூஷன்', அதாவது 'முடிவுரை' என்று பெயர். ஆய்வேட்டின் கடைசி இயலுக்கு வைக்கும் பெயர் அது.

தொகுப்பு வெளிவருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 2018 ஜூலையில், உலகமே பார்த்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அந்தத் தென்பகுதிக் கூட்டத்தில் டாலெக்குவா என்னும் தாய் ஓர்க்கா ஒரு பெண் குட்டியை ஈன்றது. பிறந்த சிறிது நேரத்திலேயே குட்டி இறந்துவிட்டது. தாய் அதை விட்டுவிடவில்லை. மூழ்கும்போதெல்லாம் தலையால் தூக்கி, நீர்மட்டத்தில் தாங்கியபடி, 17 நாள், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீந்தியது. 2025 ஜனவரியிலும் அதே தாய் இறந்துபோன மற்றொரு குட்டியைச் சுமந்து நீந்தியது. அறிவியலார் எழுதிய எண்களுக்குப் பின்னால் இருந்தது இந்தத் துயரந்தான். ஆனால் எண்களைப் படித்தவர் எத்தனை பேர்? பல்கலைக்கழக ஆய்வேட்டை ஆசிரியர்கள் படிப்பார்கள், தேர்வாளர் படிப்பார், பிறகு அது நூலக அலமாரிக்குப் போய்விடும். உண்மை பிழையின்றி எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஊர் அறியாது.

அங்கேதான் இந்தப் பெண் செய்த காரியத்தின் அருமை விளங்குகிறது. மக்கள் ஆராய்ச்சியிடம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்துக்கு ஆராய்ச்சியைக் கொண்டுபோனார். இசையோடு நிற்காமல், இளம் அறிவியலாரை அழைத்து வந்து பொதுமக்களுக்கு விளங்கும்படி உரையாடும் 'ஜே.எம்.ஜி. டாக்ஸ்' என்னும் நிகழ்ச்சியையும் நடத்தினார்.

"ஆடுகிறவன் இதையெல்லாம் கேட்பானா?" என்று ஒரு கேள்வி எழலாம். எல்லாரும் கேட்கமாட்டார்கள். ஓர் இசைத்தொகுப்பினால் ஓர்க்காக்களின் எண்ணிக்கை பெருகிவிடவும் இல்லை. நஞ்சை அகற்றுவதும், மீன் வளத்தைக் காப்பதும், கப்பலின் வேகத்தைக் குறைப்பதும் சட்டத்தாலும் அரசாங்கத்தாலும் ஆகவேண்டியவை. ஆனால் சட்டம் வேண்டும் என்று கேட்பதற்கும் முதலில் செய்தி தெரிந்த மக்கள் வேண்டுமே! பள்ளியில் நாம் நாள்தோறும் காண்பது ஒன்றுண்டு. வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்ன பிள்ளை அதை மறப்பதில்லை. எழுதிப் பார்த்த பிள்ளை சில வேளை மறந்துவிடுகிறது. தாளத்தோடு உள்ளே போனது நெடுநாள் தங்கும். ஜெய்டா தொகுப்பு முழுவதையும் பாடமாக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மகிழ்ச்சியை மகிழ்ச்சியாகவே விட்டு, அதன் நடுவே இரண்டோர் இடத்தில் உண்மையை வைத்தார். சோற்றில் உப்புப்போல என்று கூறலாம். உப்பு மிகுந்தால் சோறு கெடும்.

அந்த முதல் தொகுப்போடு அவர் பயணம் நிற்கவில்லை. 2020இல் அவர் வெளியிட்ட 'போத் ஆப் அஸ்' என்னும் பாடல், அமெரிக்காவின் கிராமி விருதுக்கு நடன இசைப் பிரிவில் முன்மொழியப்பட்டது. 2023இல் 'கை' என்னும் தொகுப்பை வெளியிட்டார். தம் சிறு வயதிலேயே இறந்துபோன தந்தை, தம் வாழ்க்கைக் கதையைப் பல மணி நேரம் ஒளிநாடாவில் சொல்லிவிட்டுச் சென்றிருந்தார். அந்தக் குரலை எடுத்து இசையோடு சேர்த்தார் மகள். அதே ஆண்டு, கரையோரத்துச் சதுப்புக் காடுகளும் கடற்புற்களும் காற்றிலுள்ள கரியை எவ்வாறு உள்வாங்கி அடக்கிவைக்கின்றன என்பதைக் காட்டும் 'புளூ கார்பன்' என்னும் ஆவணப்படத்தில் தோன்றி, உலகின் பல கரைகளுக்கும் மக்களை அழைத்துச் சென்றார். நம் பேராக் மாநிலத்தின் மாத்தாங் காடு அத்தகைய சதுப்புக் காடுதான்.

பெற்றோர்களே, ஒரு சொல். பாட்டு, ஆட்டம் என்று ஒரு பெண்பிள்ளை நின்றால், "படிப்புக் கெட்டுவிடும்" என்று அஞ்சுகிறோம். நடனக்கூடம், இரவு என்றால் அச்சம் இன்னும் கூடும். பெற்றவர்களின் அந்தக் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிள்ளை எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று கேட்பது பெற்றோரின் கடமை. ஆனால் படிப்பா, பாட்டா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையை நெருக்குவது வேறு. நான்காயிரம் பேர் வாழும் ஊரில் வளர்ந்த ஒரு பெண், நச்சியலையும் விடவில்லை, இசைத்தட்டையும் விடவில்லை. இரண்டையும் பிடித்துக்கொண்டதால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று துணைசெய்தன. படிப்பு இல்லாதிருந்தால் அந்தத் தொகுப்பில் சொல்ல ஒரு செய்தி இருந்திராது. இசை இல்லாதிருந்தால் அந்தச் செய்தி அலமாரியை விட்டு இறங்கியிராது.

தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து அமைந்த குடியிருப்புகளிலும் கோயில் திருவிழா நடக்கிறது. மேடையில் நம் பிள்ளைகள் திரைப்பாடலுக்கு ஆடுகிறார்கள். நாமும் கைதட்டி மகிழ்கிறோம். அடுத்த திருவிழாவுக்கு ஒன்று செய்து பார்க்கலாம். ஆட்டத்துக்கு முன்போ பின்போ ஐந்து நிமிடம் அதே பிள்ளைகளிடம் கொடுங்கள். பள்ளியில் கற்ற ஒன்றை, நம் ஆற்றைப் பற்றியோ, நாம் கையாளும் மருந்தைப் பற்றியோ, தம் சொந்தச் சொல்லில், வேண்டுமானால் உருமி அடித்துக்கொண்டு, ஊருக்குச் சொல்லட்டும். மேளச் சத்தத்துக்கு ஏற்கெனவே கூடியிருக்கும் கூட்டம், பிள்ளையின் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் போகும்.